வான் மனிதரைத் தேடிய வீட்டுக் கம்ப்யூட்டர்கள்!

வானத்தில் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் இருக்கின்றன. நம் சூரியனும் ஒரு நட்சத்திரம்தான். சூரியனைப் பூமி சுற்றி வருவது போல, மற்ற நட்சத்திரங்களையும் கிரகங்கள் சுற்றி வருகின்றன. அப்படிப்பட்ட கிரகங்களில் 6 ஆயிரத்துக்கு மேல் இதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவற்றில் ஏதாவது ஒன்றில், நம்மைப் போல் அறிவுள்ளவர்கள் இருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்கு விடை தேட, உலகத்திலுள்ள சாதாரண மக்கள் ஒன்று சேர்ந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் சேர்ந்தார்கள். பத்துப் பேர், நூறு பேர் அல்ல. 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்!

இவர்கள் ராக்கெட்டில் ஏறவில்லை. வீட்டு வாசலைக் கூடத் தாண்டவில்லை. தங்கள் வீட்டில் சும்மா இருந்த கம்ப்யூட்டரை இரவல் கொடுத்தார்கள். அவ்வளவுதான்!

சுமார் 21 ஆண்டுக் காலம் இந்தத் தேடல் நடந்தது. வான் மனிதர் அகப்பட்டாரா? அகப்படவில்லை என்றால், இத்தனை பேர் பட்ட பாடு வீண்தானா? அந்தக் கதையைக் கேளுங்கள்.

ரேடியோவில் தேடுவது ஏன்?

வேற்று உலகத்துக்கு நேரில் போய்ப் பார்க்க முடியாதா? முடியாது. ஒளி ஒரு விநாடியில் 1 லட்சத்து 86 ஆயிரம் மைல் ஓடுகிறது. அந்த வேகத்தில் போனாலும், சூரியனுக்கு அடுத்தபடியாக மிக அருகில் உள்ள நட்சத்திரத்தை அடைய 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ராக்கெட்டில் போனால் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிடும்.

ஆனால், ரேடியோ அலை ஒளியின் வேகத்திலேயே போகிறது. அதை அனுப்ப அதிகச் செலவும் இல்லை. ஆகவே, வேற்று உலகத்தில் அறிவாளிகள் இருந்தால், அவர்கள் ரேடியோ மூலம் பேசக் கூடும் என்று 1959-ஆம் ஆண்டில் கொக்கோனி, மாரிசன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

சரி, எந்த ஸ்டேஷனில் கேட்பது? அதற்கும் அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். வானவெளி எங்கும் நிறைந்திருப்பது ஹைட்ரஜன் வாயு. அது தானாகவே ஒரு ரேடியோ அலையை வெளிவிடுகிறது. அந்த அலை விநாடிக்கு 142 கோடி தடவை துடிக்கும். இதை 1420 மெகாஹெர்ட்ஸ் என்கிறார்கள். எந்த உலகத்து விஞ்ஞானிக்கும் இது தெரிந்திருக்கும். ஆகவே அந்த இடத்தில் காது கொடுத்துக் கேட்கலாம் என்றார்கள்.

அடுத்த ஆண்டே, 1960-இல், பிராங்க் டிரேக் என்ற இளம் விஞ்ஞானி அதைச் செய்து பார்த்தார். அமெரிக்காவில் கிரீன் பேங்க் என்ற ஊரில் 85 அடி அகலமுள்ள ரேடியோ டெலிஸ்கோப் இருந்தது. பெரிய தட்டுப் போல் இருக்கும். அதை இரண்டு நட்சத்திரங்களின் பக்கம் திருப்பிவைத்துக் கேட்டார். குரல் எதுவும் வரவில்லை. ஆனால் தேடல் தொடங்கிவிட்டது.

"வாவ்!" என்று எழுதியவர்

இந்த வேலைக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. ஆகவே ஆரம்பத்திலிருந்தே, சம்பளம் இல்லாமல் உழைத்தவர்கள் பலர் இதில் உண்டு.

அவர்களில் ஒருவர் ஜெரி ஏமன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருந்த "பெரிய காது" என்ற ரேடியோ டெலிஸ்கோப்புக்காக அவர் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார். டெலிஸ்கோப் கேட்டதை எல்லாம் கம்ப்யூட்டர் காகிதத்தில் எண்களாக அச்சடித்துத் தள்ளும். கட்டுக் கட்டாக வரும் அந்தக் காகிதங்களை அவர் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்.

1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி பதிவான காகிதத்தில் ஓர் அதிசயம் இருந்தது. 72 விநாடிகள், மிக வலுவான ரேடியோ அலை ஒன்று வந்து போயிருந்தது. ஏமன் சிவப்பு மையினால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். ஓரத்தில் "வாவ்!" என்று எழுதினார். "அடேயப்பா!" என்று நாம் சொல்கிறோமே, அது போல!

பிறகு எத்தனையோ தடவை அதே இடத்தில் கேட்டுப் பார்த்தார்கள். அது மறுபடி வரவே இல்லை. அது என்ன என்பது இன்று வரை தீர்மானமாகவில்லை. "ஒரு தடவை கேட்டது போதாது, மறுபடியும் கேட்க வேண்டும்" என்பது இந்தத் துறையின் முதல் சட்டம்.

சர்க்கார் கையை விரித்தது

1992-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, அமெரிக்க விண்வெளிக் கழகமான "நாசா" இந்தத் தேடலைப் பெரிய அளவில் தொடங்கியது. ஆனால் ஓர் ஆண்டுதான் அது நடந்தது. "மக்கள் வரிப் பணத்தை இதற்கா செலவு செய்வது?" என்று அரசியல்வாதிகள் கேட்டார்கள். 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்திவிட்டது.

விஞ்ஞானிகள் என்ன செய்வார்கள்? வானம் பெரியது. கையில் காசு இல்லை. கணக்குப் போடும் பெரிய கம்ப்யூட்டர்களை வாங்க முடியாது.

அப்போதுதான், 1995-இல், டேவிட் கெடி என்ற கம்ப்யூட்டர் நிபுணருக்கு ஒரு யோசனை தோன்றியது. "பெரிய கம்ப்யூட்டர் எதற்கு? உலகத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பாதி நேரம் அவை சும்மாதான் இருக்கின்றன. அவற்றை ஒன்று சேர்த்தால் என்ன?"

கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்துப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்த யோசனையைப் பிடித்துக் கொண்டார்கள். டேவிட் ஆண்டர்சன், டேன் வெர்திமர், எரிக் கொர்பேலா ஆகியவர்கள் வேலையில் இறங்கினார்கள். "பிளானட்டரி சொசைட்டி" என்ற பொதுமக்கள் சங்கம் பண உதவி செய்தது. திட்டத்துக்கு "ஸெட்டி அட் ஹோம்" என்று பெயர் வைத்தார்கள். "வேற்று உலக அறிவாளிகளை வீட்டிலிருந்தே தேடுவோம்" என்பது அதன் கருத்து.

வீட்டுக்கு ஒரு படி அரிசி!

இந்த வேலை எப்படி நடந்தது? ஓர் உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும்.

ஊரில் பெரிய கல்யாணம். ஆயிரம் மூட்டை அரிசி வந்திருக்கிறது. அரிசியில் கல் பொறுக்க வேண்டும். ஒரே ஒரு பெண் முறத்தை வைத்துக் கொண்டு உட்கார்ந்தால் எப்போது முடியும்? ஆயுசு முழுவதும் போதாது. ஆனால், வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்து, "உங்களுக்கு ஒழிந்த நேரத்தில் பொறுக்கிக் கொடுங்கள்" என்றால்? வேலை சுலபமாக முடிந்துவிடும். "ஸெட்டி அட் ஹோம்" செய்தது அதுதான்.

அரிசி மூட்டை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவுக்குத் தென்கிழக்கே போர்ட்டோ ரிக்கோ என்ற தீவு இருக்கிறது. அங்கே அரசிபோ என்னும் இடத்தில், மலைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில், ஆயிரம் அடி அகலமுள்ள ராட்சதத் தட்டு ஒன்றை அமைத்திருந்தார்கள். 1963-இல் திறக்கப்பட்ட ரேடியோ டெலிஸ்கோப் அது.

மற்ற விஞ்ஞானிகள் அதில் தங்கள் ஆராய்ச்சியைச் செய்து கொண்டிருப்பார்கள். தேடல்காரர்களின் கருவி அதிலேயே ஓர் ஓரத்தில் ஒட்டிக் கொண்டு, வானத்தில் எந்தப் பகுதி தன் பார்வைக்கு வருகிறதோ அதைக் கேட்டுக் கொண்டிருக்கும். தனி வாடகை கிடையாது!

கேட்டதை எல்லாம் டேப்பில் பதிவு செய்து, பெர்க்லிக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஒரு டேப்பில் 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவு இருக்கும். அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்குவார்கள். ஒரு துண்டு என்பது 107 விநாடிப் பதிவு. இன்டர்நெட் மூலம் வீட்டுக்கு ஒரு துண்டு போகும். அதுதான் நாம் சொன்ன ஒரு படி அரிசி.

நீங்கள் எழுந்து காபி குடிக்கப் போகிறீர்கள். கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது. உடனே அது வேலையைத் தொடங்கிவிடும்! திரையில் வண்ண வண்ணக் கோடுகள் மலைத்தொடர் போல் எழும்பி நிற்கும். நீங்கள் திரும்பி வந்து தொட்டதும் வேலை நின்றுவிடும். கணக்கு முழுவதும் முடிந்ததும், விடை தானாகவே பெர்க்லிக்குப் போய்விடும். அடுத்த துண்டு வந்துவிடும்.

கம்ப்யூட்டர் எதைத் தேடும்?

வானத்திலிருந்து எப்போதும் ஓர் இரைச்சல் வந்து கொண்டே இருக்கிறது. ஸ்டேஷன் அகப்படாதபோது ரேடியோவில் "உஸ்" என்று ஒரு சத்தம் வருமே, அது போல. நட்சத்திரங்களும் வாயு மேகங்களும் அதை உண்டாக்குகின்றன. அந்த இரைச்சல் அகலமாகப் பரவிக் கிடக்கும்.

ஆனால், கருவியால் அனுப்பும் ஒலிபரப்பு அப்படி இராது. ஒரே இடத்தில், ஊசி முனை போல், கூர்மையாக இருக்கும். திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் நாதசுரத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து ஊதினால் தனியாகத் தெரியும் அல்லவா? அப்படிப்பட்ட ஒன்றைத்தான் கம்ப்யூட்டர் தேடியது.

இதில் இரண்டு சூட்சுமங்கள் உண்டு.

ஒன்று: பூமி சுழல்வதால், வானத்தில் ஓர் இடம் தட்டின் பார்வையைக் கடந்து போக சுமார் 12 விநாடிகள் ஆகும். ஆகவே உண்மையாகவே வானத்திலிருந்து வரும் ஒலி, 12 விநாடிகளுக்குள் மெல்ல ஏறி, மெல்ல இறங்க வேண்டும். ஏறி இறங்காமல் ஒரே மாதிரி இருந்தால், அது பக்கத்து ஊர் ரேடியோவாகவோ விமானமாகவோ இருக்கும்!

இரண்டு: ரெயில் ஊதிக் கொண்டே நம்மைக் கடந்து போகும்போது அதன் குரல் மாறுகிறது. நெருங்கும்போது கீச்சென்று ஒலிக்கும், விலகும்போது தணிந்துவிடும். அது போல, சுற்றிக் கொண்டிருக்கும் கிரகத்திலிருந்து வரும் ரேடியோ அலையும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆயிரக்கணக்கான விதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்குத்தான் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டன.

கூட்டம் திரண்டது!

1999-ஆம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி திட்டம் தொடங்கியது. ஐம்பதாயிரம் பேர் வந்தால் வேலை நடக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் லட்சக்கணக்கில் மக்கள் வந்து குவிந்தார்கள். விரைவிலேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. துண்டுகளை அனுப்பிக் கொடுக்க முடியாமல் பெர்க்லி கம்ப்யூட்டர்கள் திணறின.

200-க்கு மேற்பட்ட நாடுகளிலும் தீவுகளிலும் இருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய கணக்கு என்று இது கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது. இத்தனைக்கும் இவர்களுக்குக் கூலி ஒரு காசு கூட இல்லை. மின்சாரக் கட்டணத்தையும் அவரவரே கட்டினார்கள்.

யார் எத்தனை துண்டு முடித்தார்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். பிறகு கேட்க வேண்டுமா? போட்டி வந்துவிட்டது! பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் கோஷ்டி சேர்ந்து போட்டி போட்டன.

போட்டி என்றால் தில்லுமுல்லும் வரும் அல்லவா? பட்டியலில் மேலே வர வேண்டும் என்று, கணக்கே போடாமல் பொய் விடை அனுப்பியவர்களும் உண்டு. விஞ்ஞானிகள் ஏமாறவில்லை. ஒரே துண்டை ஒருவருக்கு மேல் கொடுத்தார்கள். விடைகள் ஒத்துப் போனால்தான் ஏற்றுக் கொண்டார்கள். ஒரே படி அரிசியை இரண்டு வீடுகளில் கொடுத்துப் பார்ப்பது போல!

கிளம்பியது வதந்தி

2003-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சந்தேகமான சுமார் 150 இடங்களைப் பொறுக்கி எடுத்து, அரசிபோ டெலிஸ்கோப் மூலம் மறுபடி கேட்டுப் பார்த்தார்கள்.

2004-இல் பத்திரிகைகளில் ஒரு பரபரப்புச் செய்தி வந்தது. வானத்தில் ஓர் இடத்திலிருந்து 1420 மெகாஹெர்ட்ஸ் அருகே மூன்று தடவை ஒலி வந்ததாம்! "வான் மனிதர் பேசிவிட்டார்" என்று பேச்சுக் கிளம்பியது.

விஞ்ஞானிகள் குதிக்கவில்லை. "பதிவான எண்ணற்ற ஒலிகளில் தற்செயலாக இப்படியும் சில அமையும். இதில் விசேஷம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். புகழ் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் அவர்கள் "ஆம்" என்று சொல்லவில்லை.

கண்ணால் தேடியவர்கள்

கம்ப்யூட்டரை இரவல் கொடுத்தவர்கள் இப்படி இருக்க, தங்கள் கண்களையே கொடுத்தவர்கள் உண்டு. 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் "பிளானட் ஹன்டர்ஸ்" என்ற திட்டம் தொடங்கியது. நட்சத்திரத்துக்கு முன்னால் கிரகம் கடந்தால், நட்சத்திரத்தின் ஒளி கொஞ்சம் மங்கும். கெப்ளர் என்ற விண்வெளி டெலிஸ்கோப் எடுத்த கணக்கைப் பார்த்து, எங்கே மங்குகிறது என்று பொதுமக்கள் குறித்துக் கொடுத்தார்கள்.

ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து அவர்கள் திகைத்தார்கள். வியாழன் போன்ற மிகப் பெரிய கிரகம் கடந்தால் கூட நூற்றுக்கு ஒரு பங்கு ஒளிதான் குறையும். இந்த நட்சத்திரத்திலோ 22 பங்கு வரை குறைந்தது! கம்ப்யூட்டர் கவனிக்காமல் விட்டதை மனிதக் கண் பிடித்துவிட்டது. தபேத்தா போயாஜியன் என்ற பெண் விஞ்ஞானி 2015-இல் இதை வெளியிட்டார்.

"வேற்று உலகத்தார் நட்சத்திரத்தைச் சுற்றிக் கோட்டை கட்டுகிறார்களோ!" என்று உலகமே பேசியது. 2016-இல் பொதுமக்களே 1 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்த்து, டெலிஸ்கோப்பில் நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். விடை 2018 ஜனவரியில் வந்தது. நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மங்கியது. கோட்டையாக இருந்தால் இரண்டையும் ஒரே மாதிரி மறைக்கும். ஆகவே அது கோட்டை அல்ல, தூசி!

கோட்டை இல்லை என்பதையும் மக்கள் கொடுத்த பணமே நிரூபித்தது.

தட்டு விழுந்தது

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதியோடு, வீடுகளுக்குத் துண்டு அனுப்புவதைப் பெர்க்லி விஞ்ஞானிகள் நிறுத்தினார்கள். "பொறுக்கியது போதும். இனிமேல் பொறுக்கியதை ஆராய வேண்டும்" என்றார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி ஒரு பெரிய விபத்து நடந்தது. அரசிபோ தட்டுக்கு மேலே கம்பி வடங்களில் 900 டன் எடையுள்ள மேடை தொங்கிக் கொண்டிருந்தது. வடங்கள் அறுந்து, மேடை தட்டின் மேல் விழுந்தது. 57 ஆண்டுகள் உழைத்த டெலிஸ்கோப் நொறுங்கிப் போயிற்று.

ஆனால் அது கேட்டது பத்திரமாக இருந்தது. மக்களின் கம்ப்யூட்டர்கள் 1,200 கோடி ஒலிகளைக் குறித்துக் கொடுத்திருந்தன! அவற்றில் பெரும்பாலானவை நம்முடைய ரேடியோ, டெலிவிஷன், செயற்கைக் கோள்கள் ஆகியவற்றின் சத்தம். விஞ்ஞானிகள் அவற்றைக் கழித்துக் கொண்டே வந்தார்கள். சல்லடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தாங்களே சில பொய் ஒலிகளைக் கலந்து வைத்துச் சோதித்தார்கள். கடைசியில் சுமார் 100 மிஞ்சின. சீனாவில் உள்ள "பாஸ்ட்" என்ற 500 மீட்டர் அகல ரேடியோ டெலிஸ்கோப் மூலம், 2025 ஜூலை முதல் அந்த இடங்களை மறுபடி கேட்கத் தொடங்கினார்கள்.

அப்படியானால் பலன் என்ன?

வான் மனிதர் இன்னும் அகப்படவில்லை. இது உண்மை. ஆனால் பாடு வீணாகவில்லை.

முதலாவது, வானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அரசிபோ பார்க்கக் கூடியதாக இருந்தது. அங்கிருந்து இந்த அலைவரிசையில் வலுவான குரல் எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை என்பது இப்போது தெரியும். ஒரு படி அரிசியில் கல் இல்லை என்று தெரிந்து கொள்வதும் வேலைதான். அடுத்து வருகிறவர்கள் அந்தப் படியை மறுபடி கொட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மற்ற மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. வேறு திசைகள் உண்டு. வேறு அலைவரிசைகள் உண்டு.

இரண்டாவது, வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டும் வித்தை உலகத்துக்குக் கிடைத்தது. இந்தத் திட்டத்துக்காகப் பழகிய முறையை "போயிங்க்" என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். மருத்துவம், பருவ நிலை முதலிய ஆராய்ச்சிகளுக்கு அது பயன்பட்டது. 2010-இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள், அதே அரசிபோ தட்டின் பதிவிலிருந்து, ஒரு புதிய நட்சத்திரத்தையே கண்டுபிடித்தன! விநாடிக்கு 41 தடவை சுழலும் அதிசய நட்சத்திரம் அது. இரவல் கொடுத்த சாதாரண மக்களின் பெயரும் விஞ்ஞானிகளின் பெயரோடு வெளி வந்தது.

தேடலும் நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2023-இல் வேறொரு திட்டம் தொடங்கியது. கிரீன் பேங்கில் உள்ள பெரிய டெலிஸ்கோப் பதிவு செய்த ஒலிகளைப் படமாக்கிக் கொடுத்தார்கள். கோடு நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். படிப்பு, பட்டம் எதுவும் தேவை இல்லை. பொறுமையும் கூர்மையான கண்ணும் போதும்.

நாளைக்கே குரல் கேட்டால்?

இதற்கு விஞ்ஞானிகள் முன்பே விதி செய்து வைத்திருக்கிறார்கள். 1989-இல் உலக விஞ்ஞானிகள் கூடி அதை வகுத்தார்கள்.

முதலில், கேட்டவர் அவசரப்பட்டு அறிவிக்கக் கூடாது. அது உண்மைதானா என்று சோதிக்க வேண்டும். பிறகு, மற்ற நாட்டு விஞ்ஞானிகளிடம் சொல்லி, அவர்களையும் கேட்கச் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் கேட்டால், உலக மக்கள் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மறைக்கக் கூடாது. எல்லா நாடுகளும் கலந்து பேசாமல் யாரும் பதில் அனுப்பவும் கூடாது.

ஏன் என்றால், அந்தக் குரல் ஒரு விஞ்ஞானிக்கோ ஒரு நாட்டுக்கோ வந்தது ஆகாது. பூமியில் உள்ள அத்தனை பேருக்கும் வந்தது. ஐம்பது லட்சம் பேர் வீட்டில் இருந்தபடியே இத்தனை காலம் காத்திருந்ததும் அந்த உரிமையோடுதான்.